இருக்கட்டும்மா

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே காரை நிறுத்தினார் திருஞானம். கோடு என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். பாதி தேய்ந்துபோய், யாரோ சுண்ணாம்பைச் சிந்திவிட்டுப் போன மாதிரி கிடந்தது. ஆனாலும் கோடு கோடுதான். முன்சக்கரம் அதைத் தொடவில்லையே என்று கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டார். போன மாதம் வரைக்கும் இப்படியெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை அவர். சென்னையில் கார் ஓட்டுகிற எல்லோரையும் போல அவரும் ஆரஞ்சைக் கண்டால் அழுத்துவார், இடது பக்கம் சந்து கிடைத்தால் நுழைவார், போலீஸ்காரர் கண்ணில் படவில்லை என்றால் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்புவார். இப்போது திருந்திவிட்டார். திருந்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் திருந்துவது எவ்வளவு சுலபம் என்பது அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் காது இரண்டும் சூடாகின. கீழ்க்கட்டளை தாண்டி ரேடியல் ரோட்டில் முற்பகல் வெயில் கண்ணைக் குத்தியது. இன்னும் கொஞ்ச நேரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பெனி அலுவலகத்தில், விசாரணைக் கமிட்டி கடைசித் தடவையாக உட்காரப்போகிறது. மழை கொட்டிய ஒரு சாயங்காலம் கேப்டன் திருஞானம் இறக்கிய விமானம் ஓடுபாதையின் கடைக்கோடியில், இன்னும் கொஞ்சம் போனால் சேற்றில், என்கிற இடத்தில் போய் நின்றதே, அதைப் பற்றி. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பயணிகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. அடிக்கட்டும். பச்சை விழுந்தால் போகப்போகிறோம். ரோட்டில் அது ஒரு வசதி, நிற்கலாம். இதையே ஒரு கல்யாணப் பந்தியில் தண்டபாணிக்கு எவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னார்! தண்டபாணி அவர் மனைவிக்கு அண்ணன், விழுப்புரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கிறவர், வண்டி ஓட்டுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. "மாப்ள, உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு புக்கு வச்சிருக்கான். அதைப் பார்த்து ஓட்டுறதுக்கா இவ்ளோ சம்பளம்? நாங்கல்லாம் புத்தியை வச்சு ஓட்டுறோம். ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்டுல சிவப்பு எரிஞ்சா நீங்க நிப்பீங்களா, சொல்லுங்க" என்று அவர் இலைக்கு முன்னால் சவடால் விட்டபோது பந்தியே திரும்பிப் பார்த்தது. "மச்சான், ரோட்டுல சந்தேகம் வந்தா வண்டியை ஓரம் கட்டிட்டு யோசிக்கலாம். மேல ஓரம் கிடையாது. அதனால தரையில இருக்கும்போதே நிதானமா உக்காந்து யோசிச்சு வச்சுடுறோம். அப்படி யோசிச்சு வச்சதுக்குப் பேருதான் ரூல். ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் எங்கேயோ ஒரு பிளேன் விழுந்து கிடக்கு." பரிமாறுகிறவர் பாயச வாளியோடு நின்றுவிட்டார். திருஞானத்துக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதோடு விட்டிருக்கலாம். அவசரம் என்று வந்தால் கேப்டன் எந்த ரூலையும் மீறலாம், அப்படி மீறலாம் என்பதையும் ரூலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று வேறு பெருமையாகச் சொன்னார். தண்டபாணி லேசுப்பட்டவர் இல்லை. "அப்ப கடைசில உங்க புத்திதானே மாப்ள? எது அவசரம், எது அவசரமில்லைன்னு யாரு சொல்றது?" என்று கேட்டார். என்ன பதில் சொன்னோம்? ஏதோ சொன்னோம், எல்லோரும் சிரித்தார்கள், எழுந்து கை கழுவப் போனார்கள். அந்தப் பதில் மட்டும் இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒருவேளை பதிலே சொல்லாமல் சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம்.

ஏனென்றால் விமானத்தை இறக்கிய அந்த மழைச் சாயங்காலம் அவசரம் ஒன்றும் இல்லை. இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவே அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று. எஞ்சின் இரண்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பெங்களூர் போய் அங்கே கொஞ்ச நேரம் சுற்றினாலும் மிஞ்சுகிற அளவுக்கு எண்ணெய் இருந்தது. பெங்களூரில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது என்று தகவலும் வந்திருந்தது. சென்னையில் மட்டும்தான் மழை, மழையோடு பின்னாலிருந்து தள்ளுகிற காற்று. தரைக்கு ஆயிரம் அடி இருக்கும்போது வேகம், உயரம், சக்கரம், இறக்கையின் மடிப்புகள் எல்லாம் அது அது சொன்னபடி அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் யோசிக்காதே, மேலே தூக்கு. அவ்வளவுதான் ரூல். அடங்கவில்லை. வேகம் அதிகம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. தூக்கியிருக்க வேண்டும். தூக்காததற்குக் காரணம் மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஒரு பட்டப்பெயர். கமிட்டியில் இதை எப்படிச் சொல்வது? போன வருஷ மழைக்காலத்தில் இரண்டு முறை இறங்காமல் தூக்கி, இன்னொரு முறை விமானத்தைப் பெங்களூருக்கே கொண்டுபோய் நிறுத்தினார் அவர். மூன்றும் சரி. மூன்றையும் கம்பெனி சரி என்றது, ஏன் தூக்கினாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதும் ரூல். கிண்டலுக்கு மட்டும் ரூல் கிடையாது. பணி முடிந்து வேனில் ஏறும்போது கூட வேலை பார்க்கிற ஒரு கேப்டன், "இவரு திருஞானம் இல்லப்பா, திரும்புஞானம்" என்றார். வேன் அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் திருஞானம்தான். அப்புறம் அந்தப் பெயர் வாட்ஸப்பில் ஓடியது, சாப்பாட்டு மேசைக்கு வந்தது, புதிதாகச் சேர்ந்த பையன்கள் வரை போனது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நூற்றுச்சொச்சம் பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் வைப்பர் அடித்துக்கொண்டிருக்க, ஐம்பதை நெருங்குகிற ஒரு மனுஷன் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது விமானத்தை அல்ல, அந்த வேனை. 'திரும்பு மறுபடியும் திரும்பிட்டாருடோய்' என்று யார் முதலில் சொல்வார்கள், எந்த சீட்டிலிருந்து சொல்வார்கள் என்று. வெட்கக்கேடு. இதற்கு ஆங்கிலத்தில் கௌரவமான பெயர்களாக வைத்து, பைலட்டின் தீர்ப்பு, அனுபவம், கணிப்பு என்று கமிட்டியில் முதல் நாள் பேசினாரே, அது வெட்கக்கேட்டுக்கு மேல் வெட்கக்கேடு.

ஹாரன் இப்போது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. தண்ணீர் லாரி ஒன்று அடிவயிற்றிலிருந்து அலறியது. பக்கத்தில் பைக்குகள் ஒவ்வொன்றாக அவரை உரசிக்கொண்டு சிவப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பாருங்கள், எல்லோரும் தண்டபாணிகள். புத்தியை வைத்து ஓட்டுகிறார்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், உள்ளங்கை வேர்த்தது, வேர்த்த உள்ளங்கை அந்தச் சாயங்காலத்தைக் கொண்டுவந்தது. வலது பக்கத்து சீட்டில், துணை விமானியாக, பெனிட்டா. தூத்துக்குடிப் பெண், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. தலையை இறுக்கப் பின்னி, காதில் பொட்டு மாதிரி ஒரு கம்மல். பக்கத்தில் இருக்கிறவர் கவனித்துக்கொண்டே இருந்து, தப்பு நடந்தால் உரக்கச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது: கோ அரவுண்ட். இறங்காதே, மேலே தூக்கு என்று அர்த்தம். அதை யார் சொன்னாலும், நேற்றுச் சேர்ந்தவரே சொன்னாலும், கேப்டன் எதிர்க்கேள்வி கேட்காமல் தூக்கியாக வேண்டும். பெனிட்டா அதைச் சொல்லவில்லை. "சார்" என்றாள். அவர் ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார்..." என்றாள் மறுபடியும், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்த இரண்டாவது சாருக்கு அகராதி வேண்டாம். பஸ் படியில் தொங்குகிறவனைப் பார்த்து, கொதிக்கிற பாத்திரத்தில் கை வைக்கப்போகிறவரைப் பார்த்து, மேலதிகாரி தப்பான இடத்தில் கையெழுத்துப் போடப்போகும்போது, நாம் சொல்கிற சார் அது. வேண்டாம் சார், நிறுத்துங்க சார், எனக்குப் பயமா இருக்கு சார், எல்லாம் அதற்குள் இருந்தது. அவருக்குக் கேட்டது. புரிந்தது. புரிந்த அந்த நொடியில் அவர் வாயிலிருந்து வந்தது, "இருக்கட்டும்மா."

அப்புறம் சக்கரம் தரையைத் தொட்டபோது ஓடுபாதையில் பாதி பின்னால் போய்விட்டிருந்தது. தண்ணீரில் பிரேக் பிடிக்காமல் வழுக்குவதை அவர் கால் கட்டைவிரல்தான் முதலில் தெரிந்துகொண்டது, மூளை அப்புறம்தான். ஓடுபாதையின் கடைசியில் வரிசையாகச் சிவப்பு விளக்கு, மழையில் கரைந்து பெரிது பெரிதாக வந்தது. அம்மா என்றுகூட நினைக்கவில்லை. வேனைத்தான் நினைத்தார், இப்போது என்ன பெயர் வைப்பார்கள் என்று. நின்றது. பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் கைதட்டல். பெனிட்டா, இறங்கிய பிறகு படிக்க வேண்டிய வரிசையை, குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், ஒவ்வொன்றாகப் படித்தாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் இடது கை மட்டும் முழங்காலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விமானம் நிற்கிற இடத்துக்கு வந்து எஞ்சினை அணைத்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்கோம்மா என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "நல்ல மழை இல்ல?" என்றார் கேப்டன் திருஞானம்.

விமானத்தில் எல்லாம் பதிவாகிறது, வேகம் பதிவாகிறது, பேச்சும் பதிவாகிறது. கமிட்டி அறையில் ஒலிபெருக்கியில் மழைச் சத்தத்துக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் நடுவே முதலில் ஒரு சார், அப்புறம் ஒரு சார், அப்புறம் அவருடைய குரல். எவ்வளவு பிரியமான குரல்! அதுதான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. அதட்டலாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல். டெல்லியிலிருந்து வந்திருந்த கமிட்டித் தலைவர் மெஹ்ரோத்ராவுக்குத் தமிழ் தெரியாது, இன்னொருவருக்கு மலையாளம் தெரியும், ஆனால் இதில் அவர் வாயைத் திறக்கவில்லை. "கேப்டன், இந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று மெஹ்ரோத்ரா ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. அது திறந்த கதவு. உள்ளே போயிருக்கலாம். அந்தப் பெண் எச்சரித்தாள், நான் காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன், அதுதான் அர்த்தம் என்று. சொன்னால் தோளில் இருக்கிற கேப்டன் பட்டையைப் பிடுங்கிக்கொண்டு வலது பக்கத்து சீட்டுக்கு அனுப்புவார்கள், எச்சரித்தும் கேட்காதவர் என்று காலத்துக்கும் பதிவில் இருக்கும். சொல்லாவிட்டால் இருவர் தப்பும் சமம், அவருக்கு நாலு நாள் பயிற்சி, முடிந்தது விஷயம். அவளுக்குத்தான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று, நிரந்தரமாகாத வேலை போனாலும் போகும். இவ்வளவையும் அவர் யோசித்து முடித்த வேகத்தில் அன்றைக்கு ஓடுபாதையைப் பற்றி யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஸ்டாண்ட் பை என்று அர்த்தம். கொஞ்சம் பொறு, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று" என்றார். மெஹ்ரோத்ரா எழுதிக்கொண்டார். "சார் என்பது எச்சரிக்கையா?" "மரியாதைச் சொல்தான். விதியில் உள்ள வார்த்தை அது இல்லை." ரூலை எங்கே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று பாருங்கள், கரெக்டாக அங்கே தூக்கிப் பிடித்தார். வானத்தில் புத்தியை நம்பியவர், மேசைக்கு வந்ததும் ரூலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். மெஹ்ரோத்ரா பெனிட்டாவைப் பார்த்து, கேப்டன் சொன்ன அர்த்தம் சரிதானா என்று கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, அதன் மூடியைப் பார்த்தாள். "கேப்டன் சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஆங்கிலத்தில் அது ஒப்புதல். தமிழில் அது என்ன என்று அந்த அறையில் அவளைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாளாக அவர் குளிக்கும்போதும் கீரையைப் பிசையும்போதும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஹோட்டலில் சிநேகிதன் பர்ஸை எடுத்தால் இருக்கட்டும், நான் குடுக்கறேன். சாம்பார் விட வந்தால் இருக்கட்டும், போதும். விருந்தாளி பழப் பையை நீட்டினால் இருக்கட்டுமே, இதெல்லாம் எதுக்கு. மனைவி வசந்தி தன் தங்கை வீட்டில் நடந்த அவமானத்தை மூன்றாவது தடவை சொல்ல வந்தால் இருக்கட்டும் விடு. வசந்தி அப்போது பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள், பேச்சு முடிந்துபோகும். அதிலே 'ம்மா' சேர்த்தால் மூடி இன்னும் மெதுவாக, இன்னும் இறுக்கமாக விழும். கத்திப் பேசினால் எதிர்த்துப் பேசலாம். இருக்கட்டும்மா என்று சொன்ன பிறகு எவளால் என்ன பேச முடியும்? பேசினால் அவள் மரியாதை தெரியாதவள். ஒரு சின்னப் பெண், பக்கத்தில் அவள் அப்பா வயசு ஆள், கோ அரவுண்ட் என்று கத்த வேண்டிய வாய். கத்தினால் என்ன பெயர் வரும் என்று அவளுக்குள்ளும் ஒரு வேன் ஓடியிருக்குமோ? 'அந்தப் பொண்ணா, அது கேப்டனையே அதட்டும்' என்று? அட, அப்படியானால் இருவரும் ஒரே பயத்தில்தான் இறங்கினோமா? இல்லை, இல்லை, திருஞானம், அதில் போய்ப் பங்கு கேட்காதே. அவள் பயந்துகொண்டும் சொன்னாள், தனக்குத் தெரிந்த வார்த்தையில் இரண்டு தடவை சொன்னாள்.

கார் கதவை யாரோ தட்டினார்கள். ஆட்டோக்காரர், வண்டியை விட்டு இறங்கியே வந்துவிட்டார். "இன்னா சார், ஐயரக் கூட்டியாந்து பூஜ போட்டாத்தான் வண்டி நவுருமா?" "சிவப்பு எரியுதுப்பா" என்றார் திருஞானம். தன் காதுக்கே அது சிறுபிள்ளைப் பேச்சாகக் கேட்டது. ஆட்டோக்காரர் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். இடது பக்கம் ஸ்கூட்டியில் காய்கறிப் பையோடு நின்றிருந்த ஒரு அம்மா குனிந்து, "சார், அது நேத்துலேர்ந்தே செவப்புலயேதான் நிக்குது. ரிப்பேரு. அந்தப் பக்கம் பாத்துட்டு மெதுவாப் போங்க" என்றாள். திட்டாமல் சொன்னாள், அதுதான் இன்னும் கூனிக்குறுக வைத்தது. எதிர்ப்பக்க விளக்கைப் பார்த்தார்; அது அணைந்தே கிடந்தது. குறுக்கே போகிற ரோட்டில் வண்டிகள் ஒன்றை ஒன்று பார்த்து, கையைக் காட்டி, தாங்களாகவே போய்க்கொண்டிருந்தன. இத்தனை நேரம் அதை அவர் பார்க்கவே இல்லை, சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ரூல் ரூலாக நின்றிருந்தாரா, அல்லது பச்சை விழாதவரை கமிட்டிக்குப் போக வேண்டாமே என்று நின்றிருந்தாரா? கேட்டிருக்க வேண்டாம், பதில் தெரியும். கியரைப் போட்டார். இரண்டு பக்கமும் பார்த்து, தேய்ந்த கோட்டைத் தாண்டி, ஒரு புத்தி கெட்டவனைத் தாண்டிப் போகிற மாதிரி எல்லோரும் அவரைத் தாண்டிப் போக, அந்தப் பக்கம் போய் ஒரு டயர் கடைக்கு முன்னால் ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். அப்போதுதான் போன் அடித்தது. பெனிட்டா.

"சார், கிளம்பிட்டீங்களா?" என்றாள். வழியில் இருப்பதாகச் சொன்னார். "ஒண்ணுமில்ல சார், உங்ககிட்ட சொல்லிரணும்னுதான். கமிட்டில என்னைக் காலைலயே வீடியோ கால்ல கூப்பிட்டுட்டாங்க. நான் சொல்லிட்டேன்." அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளே சொன்னாள். "நான் வார்னிங் குடுக்கலன்னு சொல்லிட்டேன் சார். சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டேன், என் தப்புத்தான்னு. நீங்க ஒண்ணு நான் ஒண்ணு சொல்லிட்டிருந்தா என்னைத்தான் சார் நம்ப மாட்டாங்க. அதுக்கு இது மேல்." பின்னால் எங்கேயோ ஒரு குக்கர் விசில் அடித்தது, ஹாஸ்டலோ, உறவுக்காரர் வீடோ. "வேலை என்னம்மா ஆகும்?" "தெரியல சார். இன்னொரு ஆறு மாசம் இழுப்பாங்க, இல்லன்னா வேண்டாம்பாங்க. பாத்துக்கிடலாம்." "நான் இன்னிக்கு மாத்திச் சொல்லலாம்னு இருந்தேன்மா" என்றார். இருந்தாரா? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார், அவ்வளவுதான். "ஐயோ, இப்ப வேண்டாம் சார். நீங்க மாத்திச் சொன்னா நான் கமிட்டில பொய் சொன்னேன்னு ஆயிரும். அதுக்கு லைசென்ஸே போயிரும்." அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். அப்புறம், ஏன் கேட்டார் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டார். "பெனிட்டா, அன்னிக்கு நான் சொன்னேன் பாரு. அதுக்கு நீ என்ன அர்த்தம்னு எடுத்துக்கிட்ட?" அந்தப் பக்கம் குக்கர் இன்னொரு விசில் அடித்தது. "எங்க வீட்ல அப்பா அம்மாகிட்ட சொல்லுவாங்க சார், அதே மாதிரிதான் இருந்துச்சு. வாயை மூடுன்னு அர்த்தம்." கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். "வச்சிரட்டா சார்?" என்று வைத்துவிட்டாள்.

முதலில் வந்தது நிம்மதி. இதைத்தான் அவர் பிற்பாடு எத்தனை தடவை நினைத்தாலும் மன்னித்துக்கொள்ள முடியாமல் போனது. வெட்கம் வந்திருக்க வேண்டும், அழுகை வந்திருக்க வேண்டும், ஆனால் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்து, நெஞ்சில் இருந்த கல் யாரோ எடுத்து வைத்த மாதிரி இறங்கி, ஒரு பெருமூச்சு வந்தது. முடிந்தது. இனிமேல் உண்மையைச் சொல்வது அவளுக்குத்தான் கெடுதல். எவ்வளவு வசதி! பொய் சொன்னபோது தனக்காகச் சொன்னவர், இனி அவளுக்காக வாயை மூடிக்கொள்ளலாம். நல்ல மனுஷன் என்று பெயர்கூட எடுக்கலாம். வசந்தி மதியத்துக்கு வெண்டைக்காய் வறுக்கிறேன் என்றாளே, போய்ச் சாப்பிடலாம் என்று பசி வேறு எட்டிப் பார்த்தது. பசியைக் கண்டதும்தான் அவருக்குத் தன்னைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. டயர் கடைப் பையன் பஞ்சராகிப்போன ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். திருஞானம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவளைப் பொய் சொல்ல வைத்தது யார்? அவள் வாயை மூடியது காக்பிட்டில் ஒரு தடவை, கமிட்டி மேசையில் ஒரு தடவை, இன்று காலை மூன்றாவது தடவை. மூன்றும் ஒரே கைதான். காலையில் அவள் சொன்னது அவள் பொய்யே இல்லை, அது இவர் பொய், அவள் வாயில் வந்தது. இதைச் சொன்னால் அவள் லைசென்ஸ் பிழைக்கும். ஆனால் அவருக்குப் பதவி இறக்கத்தோடு போகாது, கம்பெனியை விட்டே போகச் சொல்வார்கள். இளையவளைப் பொய் சொல்ல வைத்த கேப்டனுக்கு வேறு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது. பயம் வந்தது. நல்ல வேளை, நிம்மதி போய்விட்டது. மறுபடியும் அவளைக் கூப்பிட்டார்.

"பெனிட்டா, உன்னை அப்படிச் சொல்ல வச்சது நான்தான்னு சொல்லப்போறேன். எனக்குப் பயந்துதான் நீ அப்படிச் சொன்னேன்னு. உன்னைக் கேட்டா ஆமான்னு சொல்லிடு." "நீங்க என்னை அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லையே சார்." "சொல்லணும்னு இல்லம்மா. வார்த்தையால சொன்னாத்தானா? அன்னிக்கு நீ மட்டும் வார்த்தையாலயா சொன்ன?" டயர் கடையில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். அவள் என்ன சொல்வாள்? நன்றி சார் என்பாளோ? அந்த ஒரு வார்த்தைக்கு மனசு நாயைப் போலக் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது, இந்த நிலைமையிலும் ஒரு கைதட்டல் கேட்கிறதா உனக்கு என்று தன்னையே அறையலாம் போலிருந்தது. பெனிட்டா பேசியபோது அவள் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் கோபம் இருந்தது.

"சரி சார். சொல்லுங்க" என்றாள். "ஆனா அங்க போயி, எனக்காகத்தான் சொல்றேன்னு மட்டும் சொல்லிராதீங்க."